எரிச்சல் நின்ற வருஷம்

ஏஞ்சலம்மாளுக்குக் கால் எரிகிறது என்பது மாட்டுங்கா லேபர் கேம்பில் எல்லாருக்கும் தெரியும். அவள் சொல்லித் தெரிந்ததல்ல. அவள் வாயைத் திறக்கிறவள் இல்லை. ஊரெல்லாம் சொல்லி வைத்தது அவள் புருஷன் மரியஅந்தோணிதான். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரிடம், குழாயடியில் குடத்தோடு நிற்பவளிடம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவரிடம், யாரையும் விடமாட்டார். "எங்க வீட்ல கால் எரிச்சல்ல கெடந்து துடிக்கா. ஒங்களுக்குத் தெரிஞ்ச மருந்து ஏதும் உண்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காலமெல்லாம் இரும்படித்து ரிட்டையர் ஆன மனுஷன். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால் ரகசியம் பேசுவதென்றாலும் அவருக்கு அடுத்த சந்து வரைக்கும் கேட்கத்தான் பேச வரும்.

கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். மருதாணி அரைத்துக் கட்டினார். வேப்பெண்ணெய் தேய்த்தார். குர்லாவில் இனாயத்துல்லா என்ற ஹக்கீம் வைத்தியரிடம் ஒரு தைலம் வாங்கி வந்தார். அதன் நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு நூர் நிஷா, "அண்ணாச்சி, எரிச்சல் போவுதோ இல்லியோ, நாங்க குடும்பத்தோட காலி பண்ணிட்டுப் போயிருவோம்" என்றாள். ஏஞ்சலம்மாள் அன்றைக்குச் சிரித்தாள். அவள் சிரித்ததற்காகவே மரியஅந்தோணி அந்தத் தைலத்தை இன்னொரு குப்பி வாங்கினார்.

ஆனால் எரிச்சல் எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. பகலில் பாவம், எப்படியோ ஓட்டிவிடுவாள். படுத்தால்தான் வந்து பிடித்துக்கொள்ளும். விரல் நுனியில் ஆரம்பித்து உள்ளங்கால் முழுக்க மிளகாய்ப்பொடியை அப்பினாற்போல் எரியும். போர்வை நுனி பட்டால்கூடத் தாங்காது. எழுந்து போய், மூலையில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இருக்கும் மோரியின் ஈரச் சிமென்டில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மரியஅந்தோணியும் எழுந்து, சொம்பில் தண்ணீர் மொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பாதத்தில் ஊற்றுவார். "நீங்க போய்ப் படுங்க" என்பாள். "எனக்கு ஒறக்கம் வரல" என்பார். அது பொய். உட்கார்ந்தபடியே சொம்போடு சாமியாடுவார். வருஷக்கணக்கில் இருவரும் ஒரு முழு ராத்திரி தூங்கியதில்லை. சந்து முனையில் அவள் போட்டுவந்த இட்லிக் கடையும் அதனாலேயே நின்று போயிற்று.

மகள் லூர்து மேரி செம்பூரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அவள்தான் லீவு போட்டுவிட்டு அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சின்ன வயசு மராட்டி டாக்டர். பொறுமையாகப் பார்த்தார். பஞ்சால் தொட்டார், ஊசி முனையால் குத்திப் பார்த்தார். சர்க்கரை வியாதி காலின் நரம்புகளைத் தின்றுகொண்டிருக்கிறது, மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். அப்புறம் இரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தினமும் சாயங்காலம் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் ஓர் அடி வைக்கக்கூடாது. லூர்து மேரி அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

"வீட்டுக்குள்ள செருப்பா?" மரியஅந்தோணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. "மாதா படத்துக்கு முன்னாலயா?"

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வீடு ஒரே ஓர் அறை. அடுப்பும் அதில்தான், பாயும் அதில்தான், மாதா படமும் அதில்தான். இதில் எந்த மூலையில் செருப்போடு நிற்பது? ஏஞ்சலம்மாளும் ஒத்துக்கொள்ளவில்லை. "செருப்புக் காலோட நின்னு பொங்குனா அந்தச் சோறு எறங்குமாட்டி?" என்று மகளைக் கேட்டாள். லூர்து மேரி வாங்கிவந்த ஹவாய் செருப்பு வாசற்படிக்கு வெளியிலேயே கிடந்தது, எல்லார் வீட்டுச் செருப்பையும் போல.

அந்த வருஷம் செப்டம்பரில் பாந்த்ரா மவுண்ட் மேரி கோயில் திருநாளுக்கு மரியஅந்தோணி தனியாகப் போனார். அங்கே ஒரு நேர்ச்சை வைத்தார். வைத்ததோடு விடாமல் வந்து எல்லாரிடமும் சொல்லவும் செய்தார். "தாயே, அவ வலிய நீ எடுத்துரு. அடுத்த திருநாளுக்கு எங்க வீட்டு வாசல்லேருந்து ஒன் படி வரைக்கும் அவள வெறுங்கால்ல நடத்திக் கூட்டிட்டு வாரேன்னு நேந்துட்டேன்."

மற்றவர்கள் தங்கள் முடியை நேர்வார்கள், தங்கள் முழங்காலை நேர்வார்கள். நம்ம ஆள் பெண்டாட்டியின் காலை நேர்ந்துவிட்டு வந்து நின்றார்.

"எங்கால என்னக் கேக்காமலே நேந்துட்டீங்களாக்கும்" என்றாள் ஏஞ்சலம்மாள். கோபமில்லை. அவளுக்கு அவரைத் தெரியும்.

ஈஸ்டர் கழிந்து, வெயில் ஏறத் தொடங்கிய நாளில் ஒரு காலை மரியஅந்தோணி கண் விழித்தபோது அறை முழுக்க வெளிச்சமாக இருந்தது. பதறிப்போய் எழுந்தார். ராத்திரி அவள் எழுப்பவில்லையே, மோரியில் தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லையே! பக்கத்தில் ஏஞ்சலம்மாள் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் அப்படியே உட்கார்ந்து அவளைப் பார்த்தார். பால்காரன் வந்து கூப்பிட்டபோது விரலை உதட்டில் வைத்து அவனை அதட்டினார்.

மறுநாளும் தூங்கினாள். அதற்கு அடுத்த நாளும் தூங்கினாள்.

"எரியலயாட்டி?"

"எரியல."

"கொஞ்சங்கூடவா?"

"இல்லங்க. பஞ்சு மேல நிக்க மாதிரி இருக்கு."

பஞ்சு மேல்! அந்த வார்த்தை மரியஅந்தோணியின் வயிற்றில் பாலை வார்த்தது. இத்தனை வருஷம் நெருப்பின் மேல் நின்றவளுக்கு மாதா பஞ்சை விரித்துவிட்டாள் என்று அன்றைக்கே குழாயடியில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டார்.

நல்ல மாதங்கள் அவை. அதை மறைப்பானேன்? ஏஞ்சலம்மாள் மறுபடியும் சந்து முனையில் இட்லி போட்டாள். மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு நூர் நிஷாவோடு நடந்தே போய்க் காய் வாங்கிவந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு மறைந்தது. மரியஅந்தோணிக்கு ஒரு சுற்றுச் சதை போட்டது. ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து வரும்போது நூர் நிஷா ஒற்றைச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். "யக்கா, செருப்ப அங்கன ரோட்லயே விட்டுட்டு நீங்க பாட்டுக்கு வாறீங்களே!" ஏஞ்சலம்மாள் குனிந்து பார்த்தாள். ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. சந்தே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்த லூர்து மேரி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா, அம்மாவ ஒருக்கா டாக்டர்ட்ட காட்டிருவோம்."

"எதுக்கு?"

"செருப்பு கழண்டு விழுந்தது தெரியலங்கா. எனக்கு என்னமோ சரியாப் படல."

"வலிக்கும்போது போவாங்க ஆஸ்பத்திரிக்கு. வலி போனதுக்கு அப்புறம் எவனாச்சும் போவானா? சும்மா காலிபீலி எதுக்கு லைன்ல போய் நிக்கது?"

"அப்பா..."

"மாதா குடுத்தத டாக்டர்ட்ட கொண்டுபோய், இது நல்ல சரக்குதானான்னு கேக்கச் சொல்லுதியா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செம்பூருக்குப் போய்விட்டாள்.

திருநாள் வந்தது. மழை விட்டு நல்ல வெயில். விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். ஏஞ்சலம்மாள் கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டைக் கட்டியிருந்தாள். வாசலில் நூர் நிஷாவும் மற்ற பெண்களும் நின்று வழியனுப்பினார்கள். மரியஅந்தோணி செருப்புப் போட்டிருந்தார். நேர்ச்சையில் அவருடைய கால் இல்லையே! பாதி வழியில் அவருக்கே வெட்கமாகிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

தாராவி தாண்டி, மாஹிம் தாண்டி, கழிமுகத்துச் சேற்று நாற்றத்தில் பாலத்தைக் கடந்து நடந்தார்கள். ரோடெல்லாம் மழையில் பெயர்ந்த ஜல்லி. அவர் இரண்டு அடிக்கு ஒருதரம் "ஸ்... ஆ" என்று காலைத் தூக்கினார். அவள் அதே ஜல்லியில் கோயில் பட்டுக்கம்பளத்தில் நடப்பதுபோல் நடந்தாள். "மெதுவாப் போ, ஏட்டி" என்று இவர்தான் பின்னாலிருந்து கத்த வேண்டியிருந்தது. மலைக்குப் போகும் தெருவில் இரண்டு பக்கமும் கடைகள். மெழுகில் செய்த கையும் காலும் கண்ணும் இதயமும் கயிற்றில் தொங்கின. எந்த உறுப்புக்கு நோவோ அதை வாங்கி மாதாவுக்கு வைப்பது வழக்கம். மரியஅந்தோணி ஒரு ஜோடி மெழுகுக் கால் வாங்கிக் கொடுத்தார். அவள் அதைப் பச்சைப்பிள்ளையைப் போல மார்போடு பிடித்துக்கொண்டு படியேறினாள். உள்ளே முழங்காலிட்டு வெகு நேரம் இருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வந்தது.

வெளியே வந்து கடலைப் பார்த்தபடி படியில் உட்கார்ந்து மிளகாய்ப்பொடி போட்ட கொய்யா தின்றார்கள். "இப்படி நடந்து எத்தன வருசமாச்சு" என்றாள். அவர் தன் பங்குக் கொய்யாவையும் அவள் கையில் கொடுத்தார். அவருடைய வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பஸ்ஸில் வீடு திரும்பியதும், "இரு, நாங் கழுவி விடுதேன்" என்று தண்ணீர் எடுத்துவந்து அவள் காலடியில் உட்கார்ந்தார். புண்ணியம் செய்த கால் என்று அவருக்கு ஒரு மரியாதை. வலது உள்ளங்காலில் சேறும் என்னவோ கறுப்பாகவும் அப்பியிருந்தது. தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் சிவந்தது. குதிகாலுக்கு முன்னால் வட்டமாக ஏதோ மின்னியது. செருப்புக்கு அடிக்கிற கட்டை ஆணி. கொண்டை வரைக்கும் உள்ளே போயிருந்தது. கொண்டை தேய்ந்து வழவழவென்றிருந்தது. அதன் மேலேயே அவள் வெகுதூரம் நடந்திருக்கிறாள்.

ஏஞ்சலம்மாள் கொய்யாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஊர்க் கொய்யாவுக்கு இவ்வளவு விதை இருக்காது என்று.

"ஏட்டி, ஒனக்கு வலிக்கலியா?"

"எங்க?"

அவர் குறடு எடுத்துவந்து ஆணியைப் பிடித்து இழுத்தார். அவள் முகத்தையே பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் எத்தனையோ பேர் காலில் இரும்பு ஏறிப் பார்த்தவர் அவர். மாடுபோல் இருக்கிற ஆளும் அம்மா என்று அலறாமல் இருந்ததில்லை. இது சரியில்லையே என்று மனசு ஒரு கணம் சொல்லத்தான் செய்தது. மாதாவின் கோயிலுக்குப் போய் வந்த காலிலேயே சந்தேகப்படுகிறாயா என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டார்.

அதற்குள் நூர் நிஷா எட்டிப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். "யா அல்லா!" என்று கன்னத்தில் கை வைத்தாள். அவ்வளவுதான், மரியஅந்தோணியின் தொண்டை திறந்துகொண்டது. "பாத்தியா நூரு! ஆணி ஏறியும் அவளுக்கு வலி இல்ல! மாதா வலிய அடியோட எடுத்துட்டா பாத்தியா!"

சந்து திரண்டு வந்துவிட்டது. பெண்கள் ஏஞ்சலம்மாளின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி தன் சுகமில்லாத பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டாள். ஏஞ்சலம்மாள் கூச்சத்தில் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். புண்ணுக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் அவள் வழக்கம்போல் இட்லி போடப் போய்விட்டாள். வலித்தால்தானே உட்காருவதற்கு!

சில நாளில் வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று மரியஅந்தோணி டிரங்குப் பெட்டி, அரிசி டிரம், தகர டின் எல்லாவற்றையும் நகர்த்தித் தேடினார். பரணில் ஏறித் தேடினார். ஏஞ்சலம்மாளும் குனிந்து குனிந்து கூடவே தேடினாள். அவளுக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது. மழைக்காலம் முடிகிற நேரத்துக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்துக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லூர்து மேரி வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்தினாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்து அம்மாவின் வலது பாதத்தைத் தூக்கித் திருப்பினாள். கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். பாதி உள்ளங்கால் கறுத்துப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அதே மராட்டி டாக்டர்தான் இருந்தார். எத்தனை நாளாக என்று இந்தியில் கேட்டார். மரியஅந்தோணி அந்த நேரத்திலும் சொன்னார், பாவம்: "டாக்டர் சாப், தர்த் பில்குல் நஹி. மாதானே நிகால் தியா." வலி துளியும் இல்லை, மாதா எடுத்துவிட்டாள் என்று. டாக்டர் அவரைத் திட்டவில்லை. ஏஞ்சலம்மாளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஊசியால் பாதத்தில் இங்கும் அங்கும் குத்தினார். "குத்துறாங்களா?" என்று லூர்து மேரி கேட்டாள். "இன்னும் இல்லியே" என்றாள் ஏஞ்சலம்மாள். குத்திய இடங்களில் ரத்தம் துளி துளியாக நின்றது.

பிறகு டாக்டர் மரியஅந்தோணியின் தோளில் கை வைத்து மெதுவாக ஏதோ சொன்னார். காது கேட்காததால் லூர்து மேரி அதை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "வலி போனது சொகமானதால இல்லியாம்ப்பா. நரம்பு செத்துப் போனதாலயாம். எரிஞ்சிக்கிட்டு இருந்த வரைக்கும் காலு உசுரோட இருந்துச்சாம்."

அவர் தலையில் இடி விழுந்தது. அவள் தூங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒவ்வொரு ராத்திரியும் அவள் கால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. இவர் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறார். அந்தச் செத்த காலை ஊரைக் கூட்டி நடத்திக்கொண்டு வேறு போயிருக்கிறார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மரியஅந்தோணியின் வாய் அடைத்துப் போயிற்று. ரேஷன் கடையில் யாராவது விசாரித்தால் பையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாதா படத்துக்கு ஏஞ்சலம்மாள்தான் உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் விளக்கேற்றினாள். அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் அவள் பேச்செடுத்தாள். "எதுக்கு இப்படிக் கல்லு மாதிரி இருக்கீங்க?"

"நாந்தான ஒன் கால எடுத்தேன்."

"ஆமா, நீங்கதான் வெட்டுனீங்க!" என்றாள். அப்புறம், "எனக்குத் தெரியும்ங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"காலு மரத்துக் கெடக்குன்னு தெரியும். கால்ல தண்ணி ஊத்துனா குளுருதான்னு தெரியாது, அடுப்புக் கங்கு பட்டா சுடுதான்னு தெரியாது. சொல்லணும்னுதான் நெனச்சேன். நீங்க ஒறங்கிட்டு இருந்தீங்க. அப்படி ஒறங்கிப் பாத்து எத்தன வருசம்! சொன்னா மறுபடியும் சொம்பத் தூக்கிட்டு ஒக்காந்துருவீங்க. போட்டும்னு இருந்துட்டேன்."

மரியஅந்தோணி அழுதார். ஆம்பிளை அழுகிறோமே என்றுகூட நினைக்கவில்லை. அவளும் அழுதாள். ஒருவருக்கொருவர் தூக்கம் கொடுக்கப் போய் இப்படி ஆயிற்றே என்று இருவருக்கும் ஆற்றாமையாக இருந்தது.

மிச்சமிருந்தது இடது கால். இதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், இதுவும் மரத்துப் போனால் இதற்கும் அந்தக் கதிதான் வரக்கூடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சாயங்காலம் ஆனால் மரியஅந்தோணி தலையணையிலிருந்து பஞ்சைப் பிய்த்துக்கொண்டு அவள் காலடியில் உட்காருவார். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். விரல் விரலாகத் தொடுவார்.

"தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப?"

"ம்."

ஒருநாள் தொடாமலே "இப்ப?" என்று கேட்டார். அவள் "ம்" என்றாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவளுக்கு எது தெரிகிறது, எது தன் மனசு நோகக்கூடாதென்று சொல்வது என்று அதற்குப் பிறகு அவருக்குப் புரியவே இல்லை. மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குள் அந்த ஒற்றைக் காலுக்குத் தன் கையாலேயே செருப்பு மாட்டிவிட்டார். அடுப்புக்கு முன்னால், மாதா படத்துக்கு முன்னால், எல்லா இடத்திலும் அந்தச் செருப்பு இருந்தது. ஆனால் உள்ளுக்குள் பயம் அவரைத் தின்றது. அந்தக் காலும் போய்விட்டால் அவள் எழுந்து நிற்கவே முடியாது.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் பாயில் சாய்ந்திருந்தார். வாசலோரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஏஞ்சலம்மாளின் கையிலிருந்து முறம் நழுவி விழுந்தது. அரிசி தரையெல்லாம் சிதறியது.

"இந்தாருங்க..."

"என்னட்டி?"

"எரியுது."

அவர் எழுந்து வந்தார். "என்னது?"

"இந்தக் காலு. சுண்டுவெரல்லேருந்து வருது. தீய வச்ச மாதிரி இருக்கு. ஐயோ, செருப்பக் கழத்துங்க, தாங்க முடியல."

செருப்பைக் கழற்றினார். பாதத்தைத் தொட்டதும் அவள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். அது அவர் மனசு நோகாமலிருக்கச் சொன்ன "ம்" இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதே பழைய எரிச்சல். எத்தனை ராத்திரி அதைச் சபித்திருப்பார்!

"எரியுதா? நெசமாவே எரியுதா?"

அவர் குரல் நடுங்கியதைக் கேட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் புரிந்தது. அழுகைக்கு நடுவிலேயே, "ஆமாங்க, நல்லா எரியுது" என்றாள்.

சத்தம் கேட்டு நூர் நிஷா ஓடிவந்தாள். சிதறிக் கிடக்கும் அரிசியையும் அழுகிற இருவரையும் பார்த்துப் பயந்துபோய், "என்ன அண்ணாச்சி, என்னாச்சு?" என்றாள்.

"அவளுக்கு வலிக்குதாம் நூரு" என்றார் மரியஅந்தோணி.

அப்புறம் இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகு மாதா படத்தின் பக்கம் திரும்பினார். கை கூப்ப வரவில்லை. பெண்டாட்டி வலியில் முனகிக்கொண்டிருக்கும்போதே, அவளுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, வாய்விட்டுக் கேட்டார். "இத எடுத்துராத தாயே. இந்த வலிய மட்டும் எடுத்துராத."